மீன் குஞ்சுக்கு நீச்சல்

பரிசளிப்பு விழாவுக்கு ஒரு கதாசிரியனைத் தலைமை தாங்க அழைக்கிறவர்கள் அவனிடம் எதிர்பார்ப்பது இரண்டே காரியங்கள்தாம். நேரத்தோடு வந்துவிட வேண்டும். நேரத்தோடு பேச்சை முடித்து உட்கார்ந்துவிட வேண்டும். முதற் காரியத்தை நான் ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவதில் தவறிவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே காரியதரிசி ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். 'பெற்றோர்கள் காத்திருக்கிறார்கள். பதக்கங்களை வழங்கலாமே' என்று அதில் எழுதியிருந்தது. நாகரிகமான மனிதர். நானும் நாகரிகத்தை முன்னிட்டுப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, பதக்கங்களை வழங்கிவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன். அன்று நிறுத்திய வாக்கியத்தை இப்போது முடிக்கப் போகிறேன். இங்கே துண்டுக் காகிதம் நீட்டுவதற்கு ஆள் கிடையாது. பத்திரிகை ஆசிரியர் நீட்டக்கூடும், அவரைச் சமாளித்துக்கொள்ளலாம்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போகிற வட்டாரத்தில் இருக்கிறது அந்த நீச்சல் சங்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள்மீது எனக்குத் தனிக் கோபம் எதுவுமில்லை; நான் சொல்ல வந்த குறை அவர்களுடையது மட்டுமல்ல. உங்களுடையதுங்கூட. என்னுடையதுந்தான்.

முதலில் அவர்களுடைய பெருமையைச் சொல்லிவிடுகிறேன். விழா சாயங்காலம். ஆனால் அந்தப் பிள்ளைகள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் அன்று விடியற்காலையிலேயே போய் நின்றேன். ஐந்து மணிக்கு இருட்டு இன்னும் கலையவில்லை. 25 மீட்டர் நீளமுள்ள குளம். அதில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் போவதும் வருவதுமாக, நெசவாளியின் தறியில் நாடா ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. கரையில் பயிற்சியாளர் கையில் நிறுத்து கடிகாரத்தோடு நின்றார். சுவரைத் தொட்டுத் திரும்புகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டதும் அந்தத் தலை ஒரு கணம் மலர்ந்தது அல்லது வாடியது. அவ்வளவுதான். மறுபடி தண்ணீருக்குள். கறுப்பு மைதாவைக் கரைத்தாற்போலிருந்த அந்தக் குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் இப்படி நீந்திவிட்டு, தலை துவட்டி, டிபன் டப்பாவைத் திறந்து, அதன்பிறகு இவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நம்மில் எத்தனை பேர் எந்தக் காரியத்துக்காக இவ்வளவு செய்திருக்கிறோம்?

பந்தய நீச்சலை ஏளனம் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். "ஒரு வினாடி முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன?" என்பார்கள். ஒரு வினாடி என்பது அங்கே ஒரு யுகம். நெய்வேலியில் வளர்ந்து அந்த நகரியத்திலேயே நீச்சலைத் தொடங்கிய சாஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோம் நகரத்தில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிஷம் 56.38 வினாடியில் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியாக வைத்திருந்த அளவு 1 நிமிஷம் 56.48 வினாடி. வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான், நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்தத் துளி நேரத்தைச் சம்பாதிக்க எத்தனை ஆண்டு விடியற்காலைகளைச் செலவிட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நான் இந்தப் பிள்ளைகளுக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் விரோதியல்ல.

விழாவில் பதக்கங்களை வழங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எட்டு வயதுக்குட்பட்டவர் பிரிவில் மேடைக்கு வந்தவர்கள் ஏராளம். பத்து வயதில் சற்றுக் குறைவு. பன்னிரண்டில் இன்னும் குறைவு. பதினான்கு வயதுப் பிரிவில் ஆண்கள் நாலு பேர், பெண் ஒருத்தி. அவளும் தனியாகப் போட்டியிட்டுத் தானே முதலாவதாக வந்தவள். பதினேழு வயதுப் பிரிவு என்று அச்சடித்திருந்ததே தவிர, மேடைக்கு யாரும் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளரிடம் கேட்டேன். "ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அம்மாமார் வந்து நிறுத்திவிடுவாங்க ஸார். பத்தாம் வகுப்பு வருதில்லே" என்றார். "பெண் பிள்ளைகள்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார். "அதுக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம் ஸார். கறுத்துப் போகுது, முடி கொட்டுதும்பாங்க. பன்னிரண்டு வயசு ஆச்சுன்னா போதும்."

நடுத்தரக் குடும்பத்து வாசகர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நேருக்கு நேர் பேசிக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஏன் விடுகிறீர்கள்? பிள்ளை தண்ணீரில் பிழைக்க வேண்டும் என்றா? அப்படியிருந்தால் அவன் பேண்ட் சட்டையோடு ஏரியில் விழுந்தால் என்ன செய்வான் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பீர்கள். பதக்கம் வேண்டும், பத்திரிகையில் படம் வேண்டும், கல்லூரி அனுமதிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தேறாது என்று தெரிந்த மறு நாளே குளம் கசந்துவிடுகிறது. உடம்பு கற்ற ஒரு வித்தையை மார்க்குப் பட்டியலோடு கட்டித் தூக்கி எறிந்துவிடுகிறீர்கள்.

1994-ல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகப் பாக் நீரிணையை நீந்திய குற்றாலீசுவரனை ஞாபகமிருக்கிறதா? அன்றைக்குத் தமிழ்நாடே அந்தப் பிள்ளையைத் தூக்கிவைத்துக் கூத்தாடியது. ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, 1966-ல் ஐந்து நீரிணைகளை நீந்திய மிகிர் சென்னுடைய சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் வந்தது. பிறகு? படிப்பும் பணமும் இரண்டு பக்கமும் இழுக்க, வாலிபம் முற்றும் முன்பே பந்தய நீச்சலை விட்டு விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கைதட்டியவர்களைத்தான் சொல்கிறேன். நமக்குக் கைதட்டத் தெரியும். ஒருவன் இருபத்தைந்து வயதுவரை நீந்துவதற்கு யார் சோறு போடுவது என்று கேட்கத் தெரியாது.

சரி, இது நம் வீட்டுப் பிள்ளைகளின் கதை. நான் பேச்சில் தடுமாறி நின்றது இதற்கு அடுத்த இடத்தில்.

அந்தச் சங்கத்திலிருந்து கிழக்கே போனால் கடல். வழியெல்லாம் மீனவர் குப்பங்கள். "அங்கேயிருந்து பிள்ளைகள் யாராவது இங்கே வருகிறார்களா?" என்று மேடையிலேயே கேட்டுவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற அதிகாரி என்று பிறகு தெரிந்தது, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா ஸார்?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பழமொழிக்கு அந்தச் சக்தி உண்டு. யோசிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வைத்துவிடும். துண்டுக் காகிதம் வந்ததும் அந்தச் சிரிப்பின் நடுவில்தான்.

அந்தப் பழமொழியை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு உரசிப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் எழுந்து வந்தது. இந்தக் கரையிலும் வந்தது. தெற்கே கடலூர், நாகப்பட்டினக் கரைகளில் இன்னும் கோரமாக வந்தது. மூன்று மாதங்கள் கழித்து ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூரில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஆண்களில் பலர் அந்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே பேரலை படகைச் சற்றே தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். பெண்கள் வரும் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். கையில் குழந்தை, இடுப்பில் புடவை. பல பெண்களுக்கு நீந்தத் தெரியாது. ஏனென்றால் அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கடலுக்குப் பத்தடி தூரத்தில் பிறந்து, கடல் மீனை விற்று, கடற்காற்றிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள்! மீன் குஞ்சுகள்!

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், அந்தப் பேரலை மணலை அரித்துவிட்டுப் போன இடத்தில் கல்வெட்டுகள் தெரிந்தன. தோண்டிப் பார்த்தபோது ஒரு பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. பார்க்க நாமெல்லாம் ஓடினோம். நானும் ஓடினேன், கட்டுரையும் எழுதினேன். செங்கல்லுக்கு வயது என்ன என்று விவாதித்தோம். அதே மணலில் நின்ற பெண்களுக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை.

விழா முடிந்த மறுநாள் நான் கடற்கரைக்குப் போனேன். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "உங்கள் பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தாள். "அதெல்லாம் ஆம்பளைப் புள்ளைங்களுக்குங்கய்யா. பொட்டைப் புள்ளை கடல்ல எறங்குமா?" என்றாள். "பையனுக்கு?" "அவன் கரையோரமாத் தானே கத்துக்கினான். யாரு சொல்லிக் குடுத்தா?" தெண்டி, வன்னி என்று நீரோட்டங்களுக்குப் பெயரிட்டு, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அந்த ஞானம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. மகளிடம் வருவதில்லை. நம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் குளத்திலிருந்து ஏற்றுவதும், அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கடலில் இறங்கவிடாததும் ஒரே கையின் வேலைதான். இந்த ஒன்றில் மட்டும் நாமும் குப்பமும் அபூர்வமாக ஒத்துப் போகிறோம்.

பையன்கள் விஷயத்திலும் பழமொழி பாதிதான் உண்மை. தானாகக் கற்ற நீச்சல் தானாக நின்றுவிடும். கடலில் நீந்துகிறவன் தலையைத் தூக்கி நீந்துவான். அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமே. குளத்துப் பந்தயத்தில் தலையை நீருக்குள் அமிழ்த்தி, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்க வேண்டும். சுவரில் உதைத்துத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் யாராவது காட்டினால் அந்தத் தோள்கள் என்ன செய்யும்! அவற்றை நான் பார்த்தேன். விடியற்காலைக் குளத்தில் நான் பார்த்த தோள்களைவிட இரண்டு மடங்கு.

"வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று யார் சொன்னது?" என்று காரியதரிசி பிறகு என்னிடம் கேட்டார். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சேர்க்கைப் பணம், மாதச் சந்தா, நீச்சல் உடை, கண்ணாடி, தொப்பி, விடியற்காலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விட ஒரு வாகனம் என்று வாசலில் ஆறு காவற்காரர்கள் நிற்கிறார்கள். ஏழாவதாகப் பழமொழி நிற்கிறது.

கதவு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கோவளத்துக்குப் போனால் போதும். அலைச்சறுக்கு என்ற விளையாட்டு வந்தபோது அதற்குச் சுவரும் கிடையாது, சந்தாவும் கிடையாது. எதிரே கடல் இருந்தது. குப்பத்துப் பையன்கள் ஏறி நின்றார்கள். கோவளம், மாமல்லபுரம் பையன்கள் தேசியப் போட்டிகளில் பரிசுகளை வாரினார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. ரமேஷ் புதிகால் என்ற இந்திய வீரர் அதில் வெண்கலம் வென்றார். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. நீச்சல் குளத்தில் நம் தேசம் என்ன சாதித்தது என்று கேட்டால், ஆசிய விளையாட்டுகளில் 2023 வரை ஒரே ஒரு தங்கம். அது 1951-ல், டெல்லியில், 100 மீட்டரில் சச்சின் நாக் வாங்கியது. காசியில் பிறந்து கங்கையில் நீந்திப் பழகியவர் அவர்! குளோரின் போட்ட குளம் கட்டி முடித்து நாம் இத்தனை காலமாக என்ன கண்டோம் என்று கேட்பது குதர்க்கமாக இருக்கலாம். கேட்டுத்தான் வைக்கிறேன்.

"ஆறும் ஏரியும் ஆபத்து. அதனால்தானே குளம் கட்டினோம்?" என்பார்கள். இதுதான் எல்லாவற்றிலும் எனக்குக் கோபமூட்டுகிற வாதம்.

செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ரயிலில் வருகிறவனுக்கு ஊருக்கு முன்னால் கொளவாய் ஏரிதான் தெரியும். மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமரே காவல் நின்றதாகக் கதை; கலெக்டராக இருந்த வெள்ளைக்காரரே கண்ணாரக் கண்டாராம். ஏரிக்கரையைக் காக்க ராமரை நிறுத்திவிட்டோம். ஏரியில் விழுகிற பிள்ளையைக் காக்க யாரை நிறுத்தியிருக்கிறோம்? ஒரு பலகையை நிறுத்தியிருக்கிறோம். 'இங்கே குளிக்கக் கூடாது.' கோடை விடுமுறையில் எந்த நாளிதழையாவது எடுத்துப் பாருங்கள். ஏரியில் குளித்த மாணவர்கள், பாலாற்று மணற்குழியில் சிக்கிய சகோதரர்கள், மாமல்லபுரக் கடலில் இழுத்துச் செல்லப்பட்ட கல்லூரி நண்பர்கள். நாலு வரிச் செய்தி. காபி குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுகிறோம். இந்தியாவில் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 35,000-க்கு மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்ததாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2021-ல் உலகம் முழுவதும் இறந்தவர்கள் 3,00,000 பேர். அவர்களில் கால் பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

மூழ்குகிறவன் சினிமாவில் வருகிறமாதிரி கத்த மாட்டான். கத்த மூச்சு இராது. ஓசையில்லாமல், ஒரு நிமிஷத்துக்குள் காரியம் முடிந்துவிடும். கரையில் நிற்கிற அண்ணன் குதிப்பான், அவனுக்கும் தெரியாது. அக்காள் குதிப்பாள். ஒரு சாவு மூன்றாவது இப்படித்தான். குதிக்காமல் ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தை வீசு, புடவையையோ வேட்டியையோ முறுக்கி நீட்டு என்று ஒரு பள்ளிக்கூடத்திலாவது சொல்லிக் கொடுத்திருந்தால்? கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகு என்று யாராவது சொல்லியிருந்தால்? இதற்குப் பதக்கம் கிடையாது. அதனால் நமக்கு அக்கறையும் கிடையாது.

பக்கத்துத் தேசமான வங்காளதேசத்தைப் பாருங்கள். நம்மைவிட ஏழைத் தேசம். நம்மைவிட அதிகத் தண்ணீர். அங்கே கிராமத்துக் குட்டைக்குள் மூங்கில் மேடை ஒன்றைக் கட்டி இறக்கினார்கள். நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அதில் நிறுத்தி, உள்ளூர் ஆட்களையே பயிற்றுவிப்பவர்களாக்கி, மிதக்கவும் நீந்தவும் பிறரைக் கரையிலிருந்து காப்பாற்றவும் கற்றுக் கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. குளம் கட்டவில்லை. நமது சங்கத்துக் குளம் 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 4,50,000 லிட்டர் தண்ணீர். அதை வடிகட்டி, மருந்து போட்டு, ஆண்டு முழுவதும் காப்பாற்றுகிற செலவில் எத்தனை மூங்கில் வாங்கலாம் என்று சங்கத்துப் பொருளாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

பணக்காரத் தேசம் வேண்டுமா? நெதர்லாந்தில் பிள்ளைகள் நீச்சலுக்கு ஏ, பி, சி என்று மூன்று சான்றிதழ்கள் வாங்குகிறார்கள். முதற் சான்றிதழுக்கே உடுப்போடு நீந்திக் காட்ட வேண்டும். கால்வாயில் தவறி விழுகிறவன் நீச்சல் உடை போட்டுக்கொண்டா விழுகிறான் என்பது அவர்கள் வாதம். எவ்வளவு எளிமையான அறிவு! நம் பெண்களுக்குப் பாவாடையோடும் சுடிதாரோடும் மிதக்கக் கற்றுக் கொடுத்தால், நீச்சல் உடையைப் பற்றி அத்தைமார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் இருக்கிற ஆட்சேபணையும் அதோடு தீர்ந்தது.

இதெல்லாம் அன்னிய தேசத்துச் சமாசாரம், நம் பண்பாட்டில் இல்லை என்று யாராவது கிளம்பக்கூடும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற கிழவர். தடியூன்றி, இருமல் நடுவே இரண்டொரு சொல் பேசுகிற வயதில், அவர் எதை நினைத்து ஏங்குகிறார் தெரியுமா? மருத மரத்துக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்கும்படி மடுவில் குதித்து, அடி மணலை அள்ளி வந்து காட்டிய இளமையை நினைத்து. அதற்கு முன் பெண்களோடு கைகோத்து நீராடியதையும் சொல்கிறார். சொத்தையோ பதவியையோ நினைக்கவில்லை. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுபது வயதில் எதை நினைத்து ஏங்குவார்கள்? 480 மார்க்கையா?

எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தது ஒரு கமலைக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். நாலாவது நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டதை என்னிடம் சொல்லாமலே தள்ளினார். நான் மிதந்தேன். அந்தக் கிணறும் இப்போது இல்லை; மாமாவும் இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு கிணறும், கிணற்றுக்கு ஒரு மாமாவும் இருந்த காலத்தில் நீச்சல் சங்கங்கள் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகின்றன. தேவைப்படுவதனால்தான் அவற்றோடு சண்டை போடுகிறேன். தண்ணீரைப் பற்றி அறிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் அவர்களும் மீனவர்களுந்தான். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை.

ஐந்து வயதில் நீரில் மூழ்கித் தப்பித்த ஒரு பெண் குழந்தையை, பயத்தைப் போக்குவதற்காகத் தகப்பனார் சென்னை ஷெனாய் நகர் கிளப்பில் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கினார். அது 1991. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மறு ஆண்டே மாநிலப் பதக்கம்; 2000-ல் சிட்னி ஒலிம்பிக். நிஷா மில்லெட் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் தகப்பனார் குளத்துக்குப் போனது பதக்கத்துக்காக அல்ல. பெண் தண்ணீரில் பிழைக்க வேண்டும் என்பதற்காக. பதக்கம் பின்னால் தானே நடந்து வந்தது.

என் கோரிக்கை பெரிதல்ல. வாரத்தில் ஒரு நாள், சங்கத்துப் பிள்ளைகள் குளத்தை விட்டு வெளியே வரட்டும். பயிற்சியாளரும் பதினான்கு வயதில் தனியாக நீந்தி ஜெயித்தாளே, அந்தப் பெண்ணும் குப்பத்துக்குப் போய், அங்கேயுள்ள பெண் பிள்ளைகளுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கக் கற்றுக் கொடுக்கட்டும். பதிலுக்குக் குப்பத்துக் கிழவர் ஒருவர் சங்கத்துப் பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி, கடல் எந்த இடத்தில் இழுக்கும் என்று காட்டட்டும். எட்டு வழித்தடக் குளத்தில் முதலாவதாக வருகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மாமல்லபுரக் கடலில் இறங்கினால் கரைக்குத் திரும்புவார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பயிற்சியாளருக்கும் இருக்கிறது. என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் காரியதரிசிக்கு அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. நாகரிகமான மனிதர் என்று முன்பே சொன்னேனே. என் யோசனை சிறந்தது என்றும், காப்புறுதி, பொறுப்பு, பெற்றோர் சம்மதம் முதலிய விஷயங்கள் இருப்பதால் நிர்வாகக் குழுவில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும், குழு இரண்டாவது சனிக்கிழமை கூடுகிறது என்றும் எழுதியிருந்தார். கீழே தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'என் பெண்ணும் ஆறாம் வகுப்போடு நீச்சலை நிறுத்திவிட்டாள். இப்போது கேட்டால் ஏன் நிறுத்தினீர்கள் என்கிறாள்.'

இரண்டாவது சனிக்கிழமை நான் போவதாக இருக்கிறேன். மூங்கில் விலையையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.